ஜப்பானில் வீடு கேட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்

தோக்கியோவில் வேலை கிடைத்துப் புறப்படவிருக்கும் தம்பிக்காக நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானுக்குச் சுற்றுலா சென்று வந்தவர்கள், ஜப்பானியரைப் போல் மரியாதை தெரிந்த மக்களை எங்குமே பார்த்ததில்லை என்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களோ, வெளிநாட்டவர் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கூடக் கிடைக்காது என்கிறார்கள். இதில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இரண்டையுமே நம்பலாம், ஏனென்றால் இரு தரப்பினரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவர் அங்கே விருந்தாளி. அவருக்கு வேண்டியதெல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். வீடு, வேலை, கடன், பதவி என்று அந்தச் சமூகத்துக்குள் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஒருவர் கேட்கத் தொடங்கும்போதுதான், அதுவரை அவர் கண்ணில் படாத கதவுகள் ஒவ்வொன்றாகத் தென்படுகின்றன. தோக்கியோவின் கிழக்குப் பகுதியில் 14 ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாழ்கிறவன் என்ற முறையில், அந்தக் கதவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி முதலில் சந்திக்கப்போவது அதைத்தான். நான் முதன்முதலில் வீடு தேடிச் சென்ற தரகு அலுவலகத்தில், உட்காரச் சொல்லிப் பச்சைத் தேநீர் கொடுத்துவிட்டு, என் சம்பளத்துக்கும் அலுவலக தூரத்துக்கும் பொருந்தும் 11 வீடுகளின் விவரத் தாள்களை அந்த ஊழியர் மேசையில் பரப்பினார். மைசோக்கு என்று அவர்கள் சொல்லும் அந்தத் தாளில் வீட்டின் வரைபடம், வாடகை, ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும். பிறகு அவர் தொலைபேசியை எடுத்து, ஒவ்வொரு வீட்டின் நிர்வாகியையும் அழைத்தார். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியம் ஒன்றேதான்: "ஒக்யாகுசாமா வா காய்கொகு நோ கத்தா நன் தெசு கா..." அதாவது, "வாடிக்கையாளர் வெளிநாட்டைச் சேர்ந்தவர்தான், ஆனால்..." அந்த "ஆனால்" என்ற இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி நிறுத்திவிடுவார். மறுமுனையில் இருப்பவர் மறுப்பதற்கு வசதியாக விடப்பட்ட இடைவெளி அது என்பது எனக்கு மூன்றாவது அழைப்பில்தான் புரிந்தது. என் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் குடியேறுவோம் என்று மறுமுனையில் யாரும் கேட்கவில்லை. அவர் தொலைபேசியைப் பார்த்தே தலைவணங்கி நன்றி சொல்லி வைத்துவிட்டு, என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தாளின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போடுவார். 11 தாள்களில் 8 தாள்களுக்கு அப்படிக் கோடு விழுந்தது. அவர் என்னிடம் ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. அவர் உண்மையிலேயே எனக்காக வருந்தினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அன்று. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2016-இன் இறுதியில் 18,500 வெளிநாட்டவருக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. 4,252 பேர் பதிலளித்தார்கள். அரசே நடத்திய விரிவான முதல் கணக்கெடுப்பு அது. முந்தைய 5 ஆண்டுகளில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதத்தினர், வெளிநாட்டவர் என்ற காரணத்தால் தமக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜப்பானியர் ஒருவரை ஜாமீனாகக் காட்ட முடியாததால் மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம். "காய்கொகுஜின் ஃபுகா", அதாவது வெளிநாட்டவருக்கு இல்லை, என்ற குறிப்பைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே விலகிக்கொண்டவர்கள் 26.8 சதவீதம். வேலை தேடியவர்களிலும் நான்கில் ஒருவர், வெளிநாட்டவர் என்பதாலேயே தாம் நிராகரிக்கப்பட்டதாகக் கூறியிருந்தார்கள்.

வீட்டுக்காரர்களின் அச்சங்களை நான் முற்றிலும் ஒதுக்கிவிட மாட்டேன். குப்பையை நாள் வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்து வைக்கத் தெரியாது, இரவில் சத்தம் இருக்கும், இருவர் என்று சொல்லி ஆறு பேர் தங்குவார்கள், வாடகை பாக்கியோடு ஊருக்குப் போய்விடுவார்கள், தாளிப்பு வாசனை சுவரில் ஏறிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றில் சில எங்கோ யாரோ ஒருவரால் நடந்தவையும்கூட. ஆனால் ஒருவர் செய்த பிழைக்காக, அவரைப் போன்ற தோற்றமோ கடவுச்சீட்டோ உடைய அனைவரையும் விசாரிக்காமலே விலக்குவதற்குத்தான் பாகுபாடு என்று பெயர். அந்த விலக்கல் எவ்வளவு கூச்சமின்றி வெளிப்படும் என்பதற்குச் சைத்தாமா மாவட்ட நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று சாட்சி. வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசிய இந்தியர் ஒருவரிடம், அவருடைய தோலின் நிறம் "சாதாரண நிறம்தானா" என்று தரகு நிறுவன ஊழியர் கேட்டிருக்கிறார். சாதாரணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஜப்பானியரைப் போன்ற நிறம் என்று விளக்கமும் தந்திருக்கிறார். நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் மையம் இருக்கிறது என்பது என் கருத்து. தனியார் ஒருவர் மற்றொருவரை இனத்தின் பெயராலோ நாட்டின் பெயராலோ விலக்குவதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் ஜப்பானில் இன்றுவரை இல்லை. அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு இனம், மதம், பால், சமூக நிலை ஆகியவற்றின் அடிப்படையில் வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்துவது, வீட்டுக்காரரையோ கடைக்காரரையோ நேரடியாகத் தொடாது. இன வேற்றுமையை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1995-இல் இணைந்தது. ஆனால் அதற்கு ஏற்ற உள்நாட்டுச் சட்டத்தை இயற்றவில்லை. ஆகவே சட்டத்தின் முன் பாதிக்கப்பட்டவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: குடிமையியல் சட்டத்தின்படி எனக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்து, தன் செலவில், தன் காலத்தில், பணமாக ஓர் இழப்பீட்டைப் பெறலாம். வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்று மாட்டிய பலகையை எடு என்று கடைக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரி யாரும் கிடையாது.

அந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஷிசுவோகா மாநிலத்தின் ஹமமாட்சு நகரில், தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த பிரேசிலியர் பலர் வாழ்கிறார்கள். 1998-இல் ஆனா போர்ட்ஸ் என்ற பிரேசிலியப் பத்திரிகையாளர் அங்கே ஒரு நகைக்கடைக்குள் சென்றார். எந்த நாடு என்று உரிமையாளர் கேட்டார், அவர் பிரேசில் என்றார்; உடனே, வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்ற பலகையைக் காட்டி வெளியேறச் சொன்னார்கள், அவர் மறுத்தபோது காவலர்களையும் அழைத்தார்கள். 1999 அக்டோபரில், ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றத்தின் ஹமமாட்சு கிளை, உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில் மேற்சொன்ன ஐ.நா. உடன்படிக்கையையே அளவுகோலாகக் கொண்டு, அவருக்கு 15 லட்சம் யென் வழங்க உத்தரவிட்டது. ஜப்பானிய நீதித்துறையில் அது ஒரு புதிய அடி.

ஒதாரு வழக்கு இதைவிடவும் சிந்திக்க வைப்பது. ஹொக்கைதோ தீவின் துறைமுக நகரமான ஒதாருவில், ரஷ்ய மாலுமிகள் குடித்துவிட்டு வந்து தொந்தரவு செய்கிறார்கள் என்று சொல்லி, சில வெந்நீர்க் குளியல் நிலையங்கள் "ஜப்பானியர் மட்டும்" என்று பலகை வைத்தன. 1999-இல், அமெரிக்கராகப் பிறந்து ஹொக்கைதோவில் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்ட்விங்கிள், நண்பர்கள் சிலரோடும் குடும்பங்களோடும் அப்படி ஒரு நிலையத்துக்குச் சென்றார். ஐரோப்பியத் தோற்றமுடையவர்களைத் தடுத்த ஊழியர்கள், உடன் வந்த சீனப் பெண் ஒருவரை ஜப்பானியர் என்று எண்ணி உள்ளே விட்டார்கள். அவர் யார் என்று தெரிந்த பிறகு வெளியேறச் சொன்னார்கள். ஆல்ட்விங்கிளின் இரண்டு மகள்களுமே ஜப்பானியத் தாய்க்குப் பிறந்தவர்கள், ஜப்பானியக் குடிமக்கள். மூத்தவள் ஜப்பானியச் சாயலில் இருப்பதால் வரலாம், இளையவள் வர முடியாது என்று அங்கே சொல்லப்பட்டது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சிறுமிகளுக்கு நடுவே கோடு கிழித்த அந்த வாசலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அடுத்த ஆண்டு அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, அருதோ தெபிதோ என்ற பெயரோடு மீண்டும் அதே வாசலுக்குச் சென்றார். குடிமகன் என்பதற்குச் சான்று காட்டிய பிறகும், பார்க்க ஜப்பானியராக இல்லை, மற்ற வாடிக்கையாளர்கள் தவறாக எண்ணுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதாவது, பலகையில் எழுதியிருந்தது குடியுரிமை, வாசலில் பார்க்கப்பட்டது முகம். 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் இதை இனப் பாகுபாடு என்று ஏற்று, வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலா 10 லட்சம் யென் வழங்கச் சொன்னது. ஆனால், பாகுபாட்டைத் தடுக்கத் தவறிய நகராட்சிக்குப் பொறுப்பு உண்டு என்ற வாதம் எடுபடவில்லை. மேல்முறையீடுகளிலும் 2005 வரை அதே நிலைதான். என்னைப் பொறுத்தவரை, அந்த வழக்கில் வென்றதைவிடத் தோற்றதுதான் பெரிது. கடைக்காரர் தவறு செய்தார், ஆனால் அதைத் தடுக்கும் கடமை யாருக்கும் இல்லை என்றுதான் அந்தத் தீர்ப்புகளைப் படிக்க முடிகிறது.

வெளிநாட்டவர் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது வெள்ளைக்காரரோ நம்மைப் போன்றவரோதான். ஆனால் ஜப்பானில் பாகுபாட்டை நெடுங்காலம் சுமந்தவர்கள், பார்த்தால் வேறுபாடே தெரியாத கொரியர்கள். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் வேலைக்காக வந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களுமாக இருந்த அவர்களில், போர் முடிந்த பிறகு சுமார் 6 லட்சம் பேர் அங்கேயே தங்கினார்கள். அதுவரை ஜப்பானியக் குடிமக்களாகக் கருதப்பட்ட அவர்கள், 1952-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோடு, யாரும் அவர்களின் விருப்பத்தைக் கேட்காமலேயே வெளிநாட்டவர் ஆக்கப்பட்டார்கள். ஜப்பானில் குடியுரிமை பிறந்த மண்ணால் வருவதில்லை, பெற்றோரால் வருவது. ஆகவே அங்கேயே பிறந்து ஜப்பானிய மொழி மட்டுமே அறிந்த பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டவரே. 1970-இல் பாக் ஜோங்-சொக் என்ற இளைஞர் ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்து ஹிட்டாச்சி நிறுவனத் தேர்வில் தேறினார். கொரியர் என்று தெரிந்ததும் நியமனம் ரத்தாயிற்று. 1974-இல் யோகோஹாமா மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் உண்மைப் பெயரை மறைத்துக்கொண்டு வாழும் வழக்கம் அந்தச் சமூகத்தில் இன்றும் முழுமையாக மறையவில்லை. மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: 2009 டிசம்பரில் கியோத்தோவில் கொரியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் முன் ஒரு கூட்டம் ஒலிபெருக்கியோடு நின்று, உள்ளே குழந்தைகள் இருக்கும்போதே வசைமொழிகளைக் கத்தியது. அதற்கு எதிரான வழக்கில் 2013-இல் சுமார் 1.2 கோடி யென் இழப்பீடு விதிக்கப்பட்டு, மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியாயிற்று. வெறுப்புப் பேச்சுக்கு எதிரான தேசியச் சட்டம் 2016-இல்தான் வந்தது. அதிலும் தண்டனை இல்லை. கொரியர்கள் நெடுங்காலமாக வாழும் கவாசாகி நகரம் மட்டும் 2019-இல் தன் சொந்த விதியை இயற்றி, எச்சரிக்கைகளை மீறித் தொடர்பவர்களுக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்றது.

உங்கள் தம்பி விமான நிலையத்தில் இறங்கியதும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரு கருவியில் வைக்கச் சொல்வார்கள். அதற்குப் பின்னாலும் இந்த வரலாறு இருக்கிறது. வெளிநாட்டவர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற விதியைக் குற்றவாளிகளை நடத்தும் முறை என்று எதிர்த்துக் கொரியர்களும் மற்றவர்களும் 1980-களில் பதிய மறுத்தார்கள், சிலர் கைதும் ஆனார்கள். படிப்படியாகத் தளர்ந்த அந்த விதி 2000-இல் முற்றிலும் நீங்கியது. 2007 நவம்பரில், பயங்கரவாதத் தடுப்பு என்ற காரணத்தோடு, நாட்டுக்குள் நுழையும் இடத்தில் அது திரும்பி வந்தது. பரம்பரையாக அங்கே வாழும் கொரியர் போன்ற சிறப்பு நிரந்தர வதிவாளர்களுக்கு விலக்கு உண்டு.

காவலர்கள் தெருவில் நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வாழும் வெளிநாட்டவர், அரசு தரும் அடையாள அட்டையான குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தால்தான் காவலர் ஒருவரை நிறுத்திக் கேட்கலாம் என்பதும் சட்டம்தான். ஆனால் சைக்கிளில் போகும்போது என்னை நிறுத்தி, வண்டியின் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு அட்டையையும் கேட்டவர்கள், அதே நேரத்தில் அதே பாலத்தைக் கடந்த வேறு யாரையும் நிறுத்தவில்லை. தோக்கியோ வழக்கறிஞர் சங்கம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டு வேர்கள் உடைய 2,094 பேரில் சுமார் 63 சதவீதத்தினர், 5 ஆண்டுகளுக்குள் தாம் அப்படி நிறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். 2024 ஜனவரியில், தோற்றத்தை மட்டும் பார்த்துத் தம்மைத் திரும்பத் திரும்ப நிறுத்துவதாக மூன்று பேர் அரசின்மீது தோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர்.

அலுவலக வேலைக்கு விசாவோடு செல்லும் ஒருவருக்கு இவையெல்லாம் மனவருத்தமாகவே முடிந்துவிடும். வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்கு அனுபவிப்பவர்கள் வேறு. 1993-இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின்கீழ் வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்து வயலிலும் தையற்கூடத்திலும் கட்டுமானத்திலும் உழைப்பவர்கள் 2024-இன் இறுதியில் நான்கரை லட்சத்துக்கும் மேல். ஊரில் முகவரிடம் பட்ட கடனோடு வரும் அவர்களால், முதலாளி எப்படி நடத்தினாலும் பொதுவாக வேறு இடத்துக்கு மாற முடியாது. 2023-இல் மட்டும் 9,700-க்கும் மேற்பட்டோர் வேலையிடத்தை விட்டு மறைந்து போனார்கள். அந்தத் திட்டத்தை நீக்கி, நிபந்தனைகளோடு இடம்மாற அனுமதிக்கும் சட்டம் 2024-இல் நிறைவேறியது. 2027-இல் நடைமுறைக்கு வரும் என்று வகுத்திருக்கிறார்கள்.

விஷ்மா சந்தமாலியின் பெயரைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இலங்கையிலிருந்து 2017-இல் ஜப்பானிய மொழி படிக்க வந்தவர் அவர். மாணவர் விசாவை இழந்த நிலையில், உடன் வாழ்ந்தவரின் வன்முறைக்கு ஆளாகி, 2020 ஆகஸ்டில் தாமே காவல் நிலையத்தை நாடினார். விசா இல்லாத காரணத்தால் நகோயாவின் குடிவரவுத் தடுப்பு மையத்தில் வைக்கப்பட்டார். ஜனவரி முதல் சாப்பிட்டது எதுவும் தங்காமல், சுமார் 20 கிலோ எடை குறைந்து, 2021 மார்ச் 6 அன்று 33 வயதில் இறந்தார். அரசின் விசாரணை அறிக்கையே மருத்துவக் கவனிப்பில் இருந்த குறைகளை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு குடிவரவுச் சட்டத் திருத்த முன்வரைவை அரசு திரும்பப் பெற்றதற்கு, அவருக்காகத் தெருவில் நின்ற ஜப்பானியர்களின் எதிர்ப்பும் முக்கியக் காரணம். மேலே நான் சொன்ன வழக்குகளை நடத்திய வழக்கறிஞர்களில் பெரும்பாலோரும் ஜப்பானியர்களே. ஜப்பானியர் அனைவரையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பேசுவது, "காய்கொகுஜின் ஃபுகா" என்று எழுதுபவர் செய்யும் அதே பிழை.

சில விஷயங்களைப் பாகுபாடு என்ற கணக்கில் நான் சேர்ப்பதில்லை. இரண்டு வாக்கியம் பேசியதுமே "நிஹோங்கோ ஜோசு", ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டுவார்கள். 14-ஆவது ஆண்டில் அது சலிப்பூட்டும், ஆனால் பெரும்பாலும் அன்பாகவே சொல்லப்படுவது. நெரிசலான ரயிலில் நம் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். அது வலிக்கும், ஆனால் அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குளியல் நிலையங்களில் பச்சை குத்தியவர்களை விடாதது ஜப்பானியருக்கும் பொருந்தும் விதி, குற்றக் கும்பல்களை மனத்தில் வைத்து வந்தது. ஆனாலும் 2013-இல் ஹொக்கைதோவின் எனிவா நகரில், முகத்தில் தம் மரபுப்படி பச்சை குத்தியிருந்த நியூசிலாந்தின் மாவோரிப் பெண் ஒருவர் அதே விதியால் திருப்பி அனுப்பப்பட்டார். எல்லோருக்கும் பொது என்று எழுதப்பட்ட விதியும் சிலரை மட்டும் போய்த் தாக்கும் என்பதை அன்று பலர் உணர்ந்தார்கள்.

2024-இன் இறுதியில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம், மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதம். எண்ணிக்கை கூடுவதோடு எரிச்சலும் கூடியிருக்கிறது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் "ஜப்பானியர் முதலில்" என்ற முழக்கத்தோடு நின்ற சான்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. உங்கள் தம்பி செல்வது இந்தச் சூழலுக்குள்தான்.

ஆகவே அவரிடம் சில காரியங்களைச் சொல்லுங்கள். முதல் வீட்டை நிறுவனத்தின் பெயரிலேயே எடுத்துத் தரும்படி, புறப்படுவதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்கட்டும். அது இயலாவிட்டால், யூ.ஆர். என்று அழைக்கப்படும் அரசு சார்ந்த வீட்டு நிறுவனத்தின் அடுக்ககங்களைப் பார்க்கட்டும். அங்கே ஜாமீன்தாரர் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தரும் ரெய்கின் என்ற திரும்பி வராத தொகையும் தரகும் இல்லை. உரிய வதிவிட அனுமதியும் வருமானமும் இருந்தால் நாட்டைப் பார்த்து மறுப்பதில்லை. எதோகாவா வட்டத்தின் நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் இத்தனை பேர் சேர்ந்ததற்கு அந்த அடுக்ககங்களும் ஒரு காரணம். நானும் கடைசியில் அப்படி ஒன்றில்தான் குடியேறினேன். குடியிருப்பு அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் பால் வாங்கக்கூட இறங்க வேண்டாம். காவலர் நிறுத்தினால் அட்டையைக் காட்டிவிட்டு, எதற்காக நிறுத்தினீர்கள் என்று அமைதியாகக் கேட்கலாம், கேட்பது குற்றமாகாது. எங்காவது வெளிநாட்டவர் என்பதற்காக மறுத்தால், மறுத்தவரின் பெயர், நாள், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கட்டும். முடிந்தால் காரணத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பெறட்டும். நீதி அமைச்சகத்தின் மனித உரிமை ஆலோசனைப் பிரிவில் பல மொழிகளில் முறையிடலாம், ஹோதெராசு என்ற அரசுச் சட்ட உதவி மையத்தில் வழிகாட்டுதலும் பெறலாம். அங்கே முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான். எனக்குக் கோடு போடப்பட்ட அந்த 8 தாள்களில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.